தன்னம்பிக்கை வியாபாரமும் ராமானுஜனின் சிலேட்டும்

தோல்வியைப் பற்றிப் பேசுவது இன்று தமிழில் லாபகரமான தொழில். கவிதைத் தொகுதிக்கு இடமில்லாத புத்தகக் கடையில் 'வெற்றிக்கு வழி' சொல்லும் புத்தகங்களுக்குத் தனி அலமாரியே இருக்கிறது. கல்லூரி ஆண்டு விழா, பட்டிமன்றம், யூடியூப் எங்கும் ஒரே பிரசங்கம்: விழுந்தால் எழு, தோல்விதான் வெற்றியின் முதல் படி, ஆர்வத்தை மட்டும் இழக்காதே. இந்தப் பிரசங்கத்துக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுகிறவர்களில் தவறாமல் ஒருவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். 'பரீட்சையில் ஃபெயிலானார், உலகம் வியக்கும் மேதையானார்.' ஒரே வரி. முப்பத்திரண்டு வருஷ வாழ்க்கை அதில் அடங்கிவிடுகிறது. கைதட்டல் எழுகிறது. பேச்சாளர் அடுத்த சாட்சியைக் கூப்பிடுகிறார்.

இந்த வரி பொய் என்பது என் கட்சி. தகவலில் பிழையில்லை. ஃபெயிலானதும் நிஜம், மேதையானதும் நிஜம். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற அந்தக் காற்புள்ளிதான் பொய். தோல்வி வந்தது, மனத்திடத்தால் அதை வென்றார், அதனால் உயர்ந்தார் என்று அந்தக் காற்புள்ளி நமக்குச் சொல்கிறது. நடந்தது வேறு. அதைத் தேடிப் படிக்கும் சிரமத்தை நம் பிரசங்கிகள் எடுத்துக்கொண்டதில்லை. அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் சிற்றேட்டு உலகம் மட்டும் இந்த விஷயத்தில் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1

கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த ராமானுஜனின் கையில் 1903 வாக்கில் ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. சுமார் ஐயாயிரம் தேற்றங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லை; இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பு. கார், மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்த ஆசிரியர். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு நோட்ஸ்.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பரீட்சையில் தேறுவதற்காகத் தொகுக்கப்பட்ட புத்தகம் ஒருவரைப் பரீட்சைக்கே லாயக்கற்றவராக ஆக்கியது. அதில் நிரூபணம் விடுபட்டிருந்த இடங்களெல்லாம் ராமானுஜனுக்குத் திறந்த கதவுகளாகப் பட்டன. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை, ஸ்காலர்ஷிப் போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1907இல் மறுபடியும் எழுதி, மறுபடியும் தோல்வி.

எது முதலில் வந்தது? அறியும் வேட்கை முதலில் வந்தது. தோல்வி அதற்குக் கட்டிய விலை. நம் பிரசங்கிகள் வேட்கையைத் தோல்விக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். ராமானுஜன் விஷயத்தில் அதுதான் நோயையே கொண்டுவந்தது. அந்த வேட்கை சற்றுக் குறைவாக இருந்திருந்தால் எஃப்.ஏ. தேறி, பி.ஏ.யும் தேறி, சர்க்கார் உத்தியோகத்தில் பென்ஷன் வாங்கியிருப்பார். நாம் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆகவே 'தோல்வி வந்தாலும் ஆர்வத்தை இழக்காதே' என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர், 'ஆர்வம் இருந்தால் நம் கல்லூரிகளில் தோல்வி வரலாம், தயாராயிரு' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கல்லூரி நிர்வாகம் அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைக்காது.

2

அடுத்த சொல் 'தன்னம்பிக்கை'. இதில் 'தன்' என்பது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

1907 முதல் 1912 வரை ராமானுஜனுக்குப் பட்டமில்லை, நிலையான வேலையில்லை. 1909இல் கல்யாணம் ஆகிவிட்டது. காகிதம் விலை அதிகம் என்பதால் கணக்கைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசியில் கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் நிரூபணங்கள் அநேகமாக இல்லாததற்கு அந்தச் சிலேட்டும் ஒரு காரணம். ஒரு மனிதரின் சிந்தனை முறையிலேயே அவருடைய வறுமை ரேகையிட்டிருக்கிறது. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்று மெய்சிலிர்க்கிறவர்கள் இந்தச் சிலேட்டையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

1910 வாக்கில் திருக்கோவிலூருக்குப் போய் அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். நோட்டுகளைப் பார்த்ததும், இப்பேர்ப்பட்டவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து மூச்சுத் திணறடிக்க விரும்பாமல், அறிமுகக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். ராத்திரிகளில் இருவரும் திருவல்லிக்கேணி வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

ஒரு டெபுடி கலெக்டர், ஒரு கலெக்டர், ஒரு மேலதிகாரி. மூன்று பேரும் தங்களுக்குப் பயனில்லாத ஒரு காரியத்தில் சிரத்தை காட்டியிருக்கிறார்கள். பிரசங்கத்தில் இவர்கள் வருவதில்லை. வந்தால் கதை கெட்டுவிடும். தனி மனிதன் தன் மன வலிமையால் மட்டுமே எழுந்தான் என்றால்தான், எழ முடியாதவனைப் பார்த்து 'உனக்கு மன வலிமை போதாது' என்று சொல்ல முடியும். பள்ளிக்கூடம், கல்லூரி, சர்க்கார், ஜாதி, வீட்டு வறுமை எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் விடுதலைத் தீர்ப்பு கிடைத்துவிடும். தன்னம்பிக்கை இலக்கியத்தின் சமூகப் பணி இதுதான். அது படிக்கிறவனை எழுப்புவதைக் காட்டிலும் மற்றவர்களைத் தூங்கவைப்பதை ஒழுங்காகச் செய்கிறது.

3

மனத்திடம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ராமானுஜன் உடையாதவர் என்று யார் சொன்னது? 1914 மார்ச்சில் கப்பலேறினார். சில மாதங்களில் உலக யுத்தம். சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், குளிர், தனிமை. 1917இல் நோயில் விழுந்தார். அதே வருஷம் டிரினிடி கல்லூரி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. 1918இன் தொடக்கத்தில் லண்டனில் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. ராயல் சொஸைட்டி கௌரவமும் டிரினிடி ஃபெலோஷிப்பும் அதற்குப் பின்னால், அதே வருஷத்தில் வந்தன. மேடையில் கௌரவங்கள் மட்டும் சொல்லப்படும். இடையில் இருந்த இருட்டு விழாவுக்கு உதவாது.

உடைந்த அந்தக் காலத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் என்னை வசப்படுத்துகிற கேள்வி.

ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. 4ஐ எடுத்துக்கொண்டால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். சின்னப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். ஆனால் எண் வளர வளர விடை பூதாகாரமாகிவிடுகிறது. 200ஐப் பிரிக்க 39,72,99,90,29,388 விதங்கள். ஏறக்குறைய நான்கு லட்சம் கோடி. ராணுவத்தில் மேஜராக இருந்த மக்மஹன் என்ற கணித அறிஞர் 1 முதல் 200 வரை இந்த விடைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து கண்ட சூத்திரத்தைச் சரிபார்க்க அந்த அட்டவணை பயன்பட்டது. சரிபார்த்தாயிற்று, காரியம் முடிந்தது. ராமானுஜன் அதற்குப் பிறகும் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4க்கு விடை 5. 9க்கு 30. 14க்கு 135. 19க்கு 490. 24க்கு 1575. நாலிலோ ஒன்பதிலோ முடிகிற எந்த எண்ணுக்கும் விடை ஐந்தால் மீதியின்றி வகுபடுகிறது. கூட்டலைப் பற்றிய கணக்கில் வகுத்தல் எங்கிருந்து வந்து உட்கார்ந்தது? ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதே மாதிரி ஒழுங்குகள் இருப்பதையும் கண்டார். ஐந்துக்கும் ஏழுக்கும் நிரூபணம் தந்த அவர் கட்டுரை 1919இல் அச்சாயிற்று. அந்த அட்டவணை மக்மஹன் முன்னாலும் இருந்தது, ஹார்டி முன்னாலும் இருந்தது. நோயாளிதான் பார்த்தார்.

இதை மனத்திடம் என்று எப்படிச் சொல்வது? மனத்திடம் என்பது தன்னைப் பற்றிய விஷயம்: நான் தாங்குகிறேன், நான் எழுகிறேன், நான் வெல்கிறேன். அந்த அட்டவணையின் முன் உட்கார்ந்திருந்தவரிடம் இந்த 'நான்' அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. 14க்கு ஏன் 135 என்பதுதான் இருந்தது. அடி விழுவது 'நான்' மீது. வேட்கை குடியிருப்பது வெளியே, பொருளில். அடிபட்டவர் அங்கே போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டு வரலாம். வலி குறையாது, நோய் குணமாகாது. ஆனால் அந்த இடம் அங்கேயே இருக்கிறது. டிரினிடி கல்லூரியின் ஓட்டெடுப்பால் அதை மூட முடியாது.

4

1919இல் ஊர் திரும்பினார். காசநோய் என்று வைத்தியம் நடந்தது. பின்னாளில், 1994இல், யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம், அந்தக் காலத்திலேயே அதற்குச் சிகிச்சை இருந்தது என்று வாதிட்டார். அது சரியென்றால் தோற்றது யார்? பதில் சொல்ல வேண்டியவர்கள் நோயாளியின் தன்னம்பிக்கையைப் பாராட்டிக்கொண்டிருப்பது வசதியான காரியம்.

எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர் 1920 ஜனவரி 12ஆம் தேதி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தீட்டா சார்புகள் என்று கணிதத்தில் நெடுநாளாக அறியப்பட்டவை உண்டு. அவற்றைப் போலவே நடந்துகொண்டு, ஆனால் அவை அல்லாத ஒரு புதிய இனத்தைக் கண்டதாகவும், அதற்குப் 'போலித் தீட்டா' என்று பெயரிட்டிருப்பதாகவும் எழுதி, உதாரணங்களும் தந்தார். ஏப்ரல் 26ஆம் தேதி இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புவரை படுக்கையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி வருஷத்துக் காகிதங்கள், நூறு பக்கங்களுக்கும் மேல், அறுநூறுக்கும் அதிகமான சூத்திரங்கள், 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் படும்வரை டிரினிடி நூலகத்தில் வாட்ஸன் என்ற கணித அறிஞரின் காகிதங்களுக்கு நடுவே கிடந்தன. போலித் தீட்டா சார்புகள் என்னதான் என்பதற்குத் திருப்தியான விளக்கம் 2002இல்தான் வந்தது. ஸ்வேகர்ஸ் என்ற டச்சு இளைஞரின் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஏட்டில்.

1920இல் அந்தப் படுக்கையில் கிடந்தவருக்கு இன்னும் ஜெயிக்க என்ன இருந்தது? பட்டம், பதவி, கௌரவம் எல்லாம் வந்தாயிற்று. அனுபவிக்க ஆயுசு இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. வெற்றிப் பிரசங்கிகளின் தர்க்கப்படி அவர் பென்சிலைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவர்களுடைய கதையில் இந்தக் கடைசி வருஷத்துக்கு இடமே இல்லை. என் கட்சிக்கு ஆதாரமே இந்த வருஷம்தான்.

5

ஒரு ஆட்சேபம் எழலாம். 'இருக்கட்டும் ஐயா. ஃபெயிலான ஒரு பையன் ராமானுஜன் கதையைக் கேட்டுக் கொஞ்சம் தைரியம் பெற்றால் உமக்கென்ன நஷ்டம்?'

நஷ்டம் எனக்கில்லை, பையனுக்கு. 'ராமானுஜனும் ஃபெயிலானவர்தான்' என்று அவனிடம் சொல்வது ஆறுதல் இல்லை, அடகுச் சீட்டு. உன் தோல்வியை இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறோம், பிற்பாடு ஒரு பெரிய வெற்றியைக் கொண்டுவந்து கட்டி மீட்டுக்கொள் என்பது அதன் ஷரத்து. வட்டி ஏறிக்கொண்டே போகும். மீட்க முடியாதவன் என்ன செய்வான்? பரீட்சை முடிவு வரும் வாரங்களில் தினசரிகளின் உள்பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராமானுஜனோடு அந்த வருஷங்களில் எஃப்.ஏ. தவறியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஹார்டி கிடைக்கவில்லை. அவர்கள் வாழ்க்கை மீட்கப்படாத நகையா?

ராமானுஜன் கேம்பிரிட்ஜில் முதலில் எழுதிய பேக்கர், ஹாப்ஸன் இருவரும் அவருக்கு உதவவில்லை. 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதத்தை ஹார்டியும் குப்பையில் போட்டிருக்கலாம். விசித்திரக் கடிதங்கள் அவருக்கு வருவதுண்டு. போட்டிருந்தால்? நமக்கு விஷயம் தெரியாமல் போயிருக்கும். அது நம் நஷ்டம். சென்னையில் சிலேட்டில் போட்ட கணக்குகளில் ஒன்றுகூட அதனால் பொய்யாகியிருக்காது. அந்த ராத்திரிகளின் மதிப்பு பிற்பாடு வந்த பதில் கடிதத்தால் உண்டானதில்லை. நம் பையனிடம் சொல்ல வேண்டியது இதுதான்: உன்னைப் பற்றிய தீர்ப்பு வந்துவிட்டது, அது உன்னைப் பற்றியது மட்டுமே. நீ கழற்றிப் பார்த்துப் பாதியில் விட்ட பம்ப்செட் மோட்டார் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அது ஏன் சூடேறுகிறது என்பது உனக்கு இன்னும் தெரியாது. போய்ப் பார். இதனால் நீ பெரிய ஆளாகிவிடுவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுக்காமல் சொல்ல முடிகிற ஒரே விஷயம் இது.

மேதையைக் கொண்டாடுவதில் நம் நேர்மை எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து காலம் கழித்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று 1980களின் தொடக்கத்தில் அவர் கேட்டது பத்திரிகையில் வந்தது. வெளிநாடுகளிலிருந்த கணித அறிஞர்கள் சந்தா போட்டு, பால் கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பியைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்து அவருக்குக் கொடுத்தார்கள். இங்கே ராமானுஜனால் தைரியம் பெற்றவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?

6

இனி நம் வீட்டுக்கு வருவோம். வியாபாரிகள் தோல்வியை ஏணியாக்கினால், சிற்றேட்டு உலகம் அதைப் பதக்கமாக்கிக் குத்திக்கொள்கிறது. விற்காத பத்திரிகை, படிக்கப்படாத கவிதை, வாங்கிய கடன், நின்றுபோன இதழ் எல்லாம் தம்மளவிலேயே இலக்கியத் தரத்துக்குச் சான்றிதழ் என்ற மயக்கம் இங்கே நிலவுகிறது. சி.சு. செல்லப்பாவை எப்படி நினைவுகூர்கிறார்கள் என்று பாருங்கள். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார், கைப்பணத்தை இழந்தார், வளைந்து கொடுக்கவில்லை. கேட்டால் கண் கலங்கும். இதுவும் ஒரு தன்னம்பிக்கைப் பிரசங்கம்தான். கைதட்டலுக்குப் பதில் பெருமூச்சு.

அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது? 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து' இதழ்களில் செல்லப்பாவை உந்தியது தியாகம் செய்யும் ஆசையா? ஒரு சிறுகதை எப்படி நிற்கிறது, எந்த வாக்கியத்தில் அதன் பாரம் இறங்குகிறது, யாப்பில்லாத கவிதைக்கு ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்ற துருவல்தான். அலசல் என்று அவர் சொன்னது அந்தத் துருவலை. 1962இல் 24 பேருடைய 63 கவிதைகளைச் சேர்த்துப் 'புதுக்குரல்கள்' கொண்டுவந்தார். பத்திரிகை நின்ற பிறகும் பி.எஸ். ராமையாவின் கதைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு தடித்த விமர்சன நூல் எழுதினார். எண்பது தாண்டிய வயதில், 1997இல், 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களாக வெளிவந்தது. 1998இல் இறந்தார். சாகித்ய அகாதெமி விருது 2001இல், அவர் இல்லாதபோது வந்தது. விருது வந்த விஷயம் நமக்குத் தெரியும். மூன்று பாகங்களையும் படித்து, இது நாவலாக நிற்கிறதா, நினைவுக்குறிப்பாகச் சரிந்துவிடுகிறதா என்று அவருடைய அலசல் முறையிலேயே கேட்டு எழுதியவர்கள் எத்தனை பேர்?

மூட்டையைப் பற்றிப் பேசுவது சுலபம், அதற்குப் படிக்க வேண்டியதில்லை. ராமானுஜன் ஃபெயிலானதைப் பற்றிப் பேச ஒன்பதுக்கு ஏன் முப்பது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றே. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் அந்தப் பொருளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

'எழுத்து' இதழ்கள் நூலகங்களில் கிடைக்கின்றன. அடுத்த முறை செல்லப்பாவின் தியாகத்தைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருகிற நண்பர், அதற்கு முன் அவருடைய ஒரே ஒரு விமர்சனக் கட்டுரையை எடுத்து, அதில் எது சரி, எது தவறு என்று நாலு பக்கம் எழுதட்டும். இந்தப் பத்திரிகை அதை நிச்சயம் அச்சிடும். அது வரும்வரை, தன்னம்பிக்கைப் புத்தகங்களைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு உண்டென்று நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.